குப்புற விழுந்தவன்

— கடைசிப் பத்து நிமிஷத்தப் பாக்காம விட்டுட்டீங்களா அங்கிள்? ஐயோ, அதுலதானே எல்லாமே இருக்கு!

— பார்க்காட்டி என்ன பிள்ளை? ஆர் செய்தது எண்டு எனக்கு முதல் விளம்பரத்துக்கு முந்தியே விளங்கிப் போச்சு. எழும்பிப் போய்ப் படுத்திட்டன்.

— படுத்தவராம்! அனு, இந்த மனுசன் சொல்லுறதை நம்பாதை. டிவியில ‘மூடாத கோப்பு’ தொடங்கின நாளில இருந்து ஒரு வியாழக்கிழமை விட்டவரில்லை. நெஞ்சில சளி கட்டி ஆஸ்பத்திரியில கிடக்கேக்கயும் நர்ஸ் பிள்ளையின்ர போனை வாங்கிப் பார்த்தவர். நேற்று அந்த இன்ஸ்பெக்டர் வாய்க்காலுக்குள்ள இறங்கினதும் எழும்பிட்டார். போய்ப் பார்த்தா, பின்பக்கத்தில நிண்டு பூஞ்சாடிக்குத் தண்ணி ஊத்துறார். வெளியில மழை பெய்யுது!

— மழையிலயா அண்டி?

— சின்னத் தூறல். அவ எல்லாத்தையும் பெரிசாக்குவா. வேணி, பிள்ளைக்குத் தேத்தண்ணி போடும்.

— போட்டு முன்னால வச்சாச்சு, உங்கட கண்ணுக்குத்தான் தெரியேல்ல. ஏன் அனு, இண்டைக்கு இவ்வளவு வெள்ளன வந்திட்டாய்? ஃபேக்டரி முடிஞ்சு ஆறு மணிக்குத்தானே எட்டிப் பார்ப்பாய். இப்ப ரெண்டரை.

— அரை நாள் லீவு போட்டேன் அண்டி.

— காய்ச்சலோ? முகம் வாடிக் கிடக்கு.

— இல்லலா. தூக்கம் இல்ல, அவ்வளவுதான். அந்த எபிசோட் பாத்ததுல இருந்து ஒரு மாதிரி இருக்கு.

— எனக்கும் அப்பிடித்தான். அந்தப் பொம்பிளையின்ர கண்தான் இன்னும் முன்னால நிக்குது. சரி, நான் வெளிக்கிடுறன். பக்கத்து வீட்டு உஷாந்தி வாசல்ல ஹோர்ன் அடிக்கிறாள். வெள்ளிக்கிழமை, பாசாருக்குப் போய்ப் பூ வாங்க வேணும். நீ இவருக்கு முடிவைச் சொல்லு. இல்லாட்டி அடுத்த கிழமை மட்டும் பூஞ்சாடியோடயே நிப்பார்.

— சரி அண்டி. பாத்துப் போங்க.

— கேட்டைச் சாத்திட்டாவோ?

— சாத்திட்டாங்க அங்கிள். கார் போயிருச்சு.

— அப்ப தேத்தண்ணியைக் குடியும். ஆறுது.

— முடிவச் சொல்லட்டுமா?

— வேண்டாம் பிள்ளை. அந்த எபிசோட் சரியில்லை. எழுதினவனுக்குத் தோட்டம் எண்டா என்னெண்டு தெரியாது. பட்டப்பகல்ல ஒரு மனுசன் வாய்க்கால்ல விழுந்து கிடக்கிறான், ஒருத்தரும் காணேல்லையாம். செம்பனைக் காட்டுக்குள்ள எத்தனை பேர் நடமாட்டம். காய் வெட்டுறவன், மருந்தடிக்கிறவன், லொறிக்காரன்...

— ஞாயித்துக்கிழமைன்னு சொன்னாங்க அங்கிள். ஞாயித்துக்கிழமை அந்தப் பக்கம் யாரு போவா? நம்ம தோட்டத்துலயும் அப்படித்தானே.

— ஓம். ஞாயிறு எண்டா அப்பிடித்தான்.

— இன்ஸ்பெக்டர் நிவேந்திரன் அந்தப் பொணத்தப் புரட்டிப் போட்டுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாரு பாருங்க. "குப்புற விழுந்து கெடக்கிறவனுக்குப் பின் மண்டையில எப்படிக் காயம் வரும்?" குடிச்சிட்டு வழுக்கி விழுந்துட்டான்னு அதுவரைக்கும் அடிச்சுப் பேசுன தோட்டத்துக் கங்காணி, அந்த மண்டோர்ல இருந்து எல்லாரும் வாய மூடிட்டாங்க.

— அது டிவி. வழுக்கிறவன் மல்லாக்க விழுவான். கல்லில பின்மண்டை அடிபடும். பேந்து உருண்டு போய்த் தண்ணியில குப்புறக் கிடப்பான். முப்பத்தொரு வருஷம் தோட்டத்து டிரசரா இருந்து காயத்துக்கு மருந்து கட்டினவன் சொல்லுறன். காயத்தைப் பார்த்துக் கதை கட்டக் கூடாது.

— அதே வார்த்தை அங்கிள்.

— என்ன?

— மல்லாக்க விழுந்து, கல்லுல அடிபட்டு, உருண்டு. எங்கப்பா செத்தப்ப போலீஸ்ல நீங்க குடுத்த வாக்குமூலம் இதேதான். காப்பி எங்கிட்ட இருக்கு. அப்பாவோட மரணச் சர்ட்டிபிகேட்டோட அம்மா ஒரு பிளாஸ்டிக் பையில சுத்தி வச்சிருந்தாங்க. "இறந்தவர் சாமிநாதன், டிராக்டர் ஓட்டுநர். முதலில் பார்த்தவர், தோட்டத்து கிளினிக் டிரசர் விஜயரட்ணம்." மலாய்ல எழுதியிருக்கு. பன்னெண்டு வருஷம் கழிச்சு நேத்துதான் முழுசாப் படிச்சேன்.

— அதை இப்ப ஏன் எடுத்தனீர்?

— அப்பாவுக்கும் பின் மண்டையிலதான் காயம்.

— அனுசியா...

— எண்ணெ வைக்கச் சொன்னாங்க அங்கிள். எல்லாரும் வரிசையா வந்து அப்பா தலையில எண்ணெ வச்சாங்க. எனக்குப் பதினாறு வயசு. என் விரல்ல தட்டுப்பட்டுச்சு, தையல் போட்ட எடம். நான் யார்கிட்டயும் சொல்லல. சொல்றதுக்கு அது ஒரு விஷயம்னே அப்பத் தெரியல. நேத்து டிவியில அந்த ஆள் கேட்டப்பதான் விரல் நுனி திரும்பக் கூசுச்சு.

— நீர் நித்திரை கொள்ளேல்ல. மனம் எதையாவது எதோடயாவது முடிச்சுப் போடும். ஒரு நாடகக்காரன் ஒரு கதை எழுதினான் எண்டதுக்காக...

— அம்மாவும் பாத்தாங்க.

— மீனம்மா இந்த நிகழ்ச்சியெல்லாம் பார்க்கிறவ இல்லையே.

— பாக்க மாட்டாங்கதான். நேத்து கரண்டு போயி வந்துச்சு, அவங்க ரூம்ல இருக்கிற டிவி வேலை செய்யல. எங்கூட வந்து உக்காந்தாங்க. தட்டுல முறுக்கு. கடைசியில அந்தப் பொம்பளைதான் புருஷன அடிச்சான்னு தெரிய வருது. புள்ளைங்க ரெண்டும் வாசல்ல நின்னு பாக்குதுங்க, அவங்க முன்னாலயே விலங்கு போடுறாங்க.

— பிள்ளையள் முன்னால போடமாட்டினம். அது பிழை. உண்மையான போலீஸ் அப்பிடிச் செய்யாது.

— அப்ப அம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? "பரவால்ல, அவளுக்கு முடிஞ்சிருச்சு"ன்னாங்க. முறுக்கத் தட்டுலயே வச்சிட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க.

— உம்மட அம்மா கனக்கப் பட்டவ. நான் எத்தனை தரம் தையல் போட்டனான் எண்டு தெரியுமோ உமக்கு?

— ஆறு தடவ.

— ஒன்பது. மூண்டு தரம் நீர் பள்ளிக்கூடத்தில. ஒருக்காக் காது மடல். ஒருக்கா உதடு. கடைசியா இந்த இடம், புருவத்துக்கு மேல. ஒவ்வொருக்காலும் "வழுக்கி விழுந்திட்டேன் டிரசரய்யா" எண்டு சொல்லுவா. நானும் அதையே புத்தகத்தில எழுதுவன். மானேஜரிட்டச் சொன்னனான். மண்டோரிட்டச் சொன்னனான். ரெண்டு தரம் சாமிநாதனைக் கூப்பிட்டு நானே பயமுறுத்தினனான். அவன் சிரிச்சுப்போட்டுப் போய் அண்டைக்கும் அடிச்சான்.

— எனக்குத் தெரியும் அங்கிள். நானும் தம்பி கிஷனும் கட்டிலுக்குக் கீழ இருப்போம்.

— தெரியுமெண்டால் அந்தப் பேப்பரைத் திரும்பச் சுத்தி வையும். பன்னெண்டு வருஷம் நல்லாத்தானே இருக்கிறியள்? தம்பி படிச்சிட்டான். உமக்கொரு நல்ல மனுசன் கிடைச்சிருக்கு. விடும்.

— விடத்தான் அங்கிள் வந்தேன். ஆனா அம்மா விடல.

— ஏன்? என்ன செய்தவ?

— காலையில அஞ்சரைக்கே குளிச்சிட்டாங்க. என் கல்யாணத்துக்குக் கட்டுன நீலச் சேலையக் கட்டிக்கிட்டாங்க. கிஷன்கிட்ட ஜாசினுக்குப் போகணும், கோயில்ல அர்ச்சனை இருக்குன்னு சொல்லியிருக்காங்க. அவனும் கூட்டிட்டுப் போயிட்டான். கோயில் தாண்டினதும், "நேராப் போ, பாலாய்ல நிறுத்து"ன்னாங்களாம்.

— எந்த பாலாய்?

— போலீஸ் பாலாய்தான் அங்கிள்.

— அங்க என்னத்துக்கு?

— பன்னெண்டு வருஷத்துக்கு முன்னால எம் புருஷன நான்தான் கொன்னேன்னு சொல்றதுக்கு.

— ஐயோ... மீனம்மா.

— கவுண்டர்ல இருந்த பையன் முதல்ல சிரிச்சானாம். அம்மா திரும்பத் திரும்ப அதையே சொன்னாங்களாம். தேதி, எடம், எதால அடிச்சேன், எல்லாம். அப்புறம் உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க. இப்ப அஞ்சு மணி நேரம் ஆச்சு.

— கையெழுத்து வச்சிட்டாவோ?

— தெரியல. பெரிய ஆபீசர் ஒருத்தர் வரணும்னு உக்கார வச்சிருக்காங்க. கிஷன் போன் பண்ணி அழுதான். அம்மா கார்லயே அவன்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டாங்களாம். இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாதத அவன் போன்ல சொல்லித்தான் கேட்டேன்.

— என்ன சொன்னவ?

— நீங்களே சொல்லுங்க அங்கிள். உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே.

— நீர் கேட்டதைச் சொல்லும்.

— அன்னைக்குக் காலையில அப்பா அந்த வாய்க்கால் பாலத்துகிட்ட டிராக்டரக் கழுவிக்கிட்டிருந்தாரு. அம்மா சோறு எடுத்துட்டுப் போனாங்க. குழம்பு ஆறிப்போச்சுன்னு தூக்கி அவங்க மேலயே ஊத்துனாரு. அப்புறம் முடியப் புடிச்சு, நாளையிலிருந்து உம் மகளப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாத, நான் பாத்துக்கறேன்னு என்னமோ சொன்னாராம். என்ன சொன்னாருன்னு கிஷன்கிட்டயும் சொல்லலியாம். அம்மா கையில ஒரு கட்டை அகப்பட்டுச்சு. அவரு திரும்புனதும் ஒரே அடி. வாய்க்காலுக்குள்ள விழுந்துட்டாரு. அம்மா ஓடி வந்து உங்க கிளினிக் கதவத் தட்டுனாங்க.

— ஓம். சட்டையில ரத்தம். தலைமயிரில குழம்பு. "அடிச்சிட்டேன் டிரசரய்யா, வாய்க்காலுக்குள்ள கெடக்கிறாரு" எண்டு வாசல்ல நிண்டவ.

— நீங்க அவங்கள வீட்டுக்குப் போகச் சொன்னீங்க. குளிச்சிட்டு உடுப்ப மாத்து, யார்கிட்டயும் வாயத் திறக்காத, நான் போய்ப் பாக்கிறேன்னு சொன்னீங்க. அப்புறம் வந்து, முடிஞ்சிருச்சு, வழுக்கி விழுந்தான்னு சொல்லு, மிச்சத்த நான் பாத்துக்கறேன்னீங்க. அப்படித்தானே?

— அப்பிடித்தான்.

— அதான் அங்கிள். ஃபேக்டரில இருந்து கிளம்புனப்ப உங்க மேல கோவமா வந்துச்சு. இத்தன வருஷம் தெரிஞ்சுக்கிட்டே எங்ககூட உக்காந்து டிவி பாத்தீங்களேன்னு. வர்ற வழியிலதான் யோசிச்சேன். நீங்க அன்னைக்கு அத எழுதியிருந்தா அம்மா ஜெயில்ல. நானும் கிஷனும் எந்த அநாதை இல்லத்துல இருந்திருப்போமோ. என் கல்யாணத்துல அப்பா இடத்துல நின்னு தாரை வார்த்துக் குடுத்தது நீங்கதான். உங்க கால்ல விழணும் நான்.

— அப்பிடிச் சொல்லாதையும்.

— இல்லலா, சொல்ல வேணாமா? உங்க வேலையே போயிருக்கும்...

— சொல்லாதையும் எண்டு சொல்லுறன்!

— ...சரி அங்கிள். கோவிக்காதீங்க. எனக்கு இன்னும் ஒரே ஒரு உதவி வேணும். அதுக்குத்தான் அண்டி போற வரைக்கும் காத்துக்கிட்டிருந்தேன்.

— என்ன?

— போலீஸ்காரங்க உங்களத்தான் தேடி வருவாங்க. அப்பாவ முதல்ல பாத்தது நீங்க. வரும்போது, அம்மாவுக்கு மனசு சரியில்ல, டிவியில பாத்ததையும் தன் வாழ்க்கையையும் போட்டுக் குழப்பிக்கிறாங்கன்னு சொல்லுங்க. அப்பா வழுக்கி விழுந்ததுதான் உண்மை, காயத்த என் கண்ணால பாத்தேன்னு சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவாங்க. பெரியவரு, மருத்துவ வேலையில இருந்தவரு. முந்தியும் அதையேதான் சொல்லியிருக்கீங்க. ஒரு எழுத்து மாத்த வேண்டியதில்ல.

— அதையே திரும்பச் சொல்லச் சொல்லுறீர்.

— ஆமா. எபிசோட் வந்த அடுத்த நாளே ஒரு பொம்பளை அதே கதையோட வந்து நிக்கிறா. யாரும் கிறுக்குன்னுதான் நினைப்பாங்க. ரெண்டு வார்த்தை அங்கிள். அம்மா வீட்டுக்கு வந்துருவாங்க.

— வந்து?

— வந்து என்ன? எப்பவும் போல.

— எப்பவும் போல எண்டால் எப்பிடிப் பிள்ளை? உம்மட அம்மா குளிக்கேக்க வாளித் தண்ணியைக் குனிஞ்சு பார்க்கமாட்டா, கவனிச்சிருக்கிறீரோ? வேணி கவனிச்சவ. தீபாவளிக்குத் தீபாவளி எங்களுக்குப் பலகாரம் கொண்டு வருவா. ரெண்டு கையாலும் நீட்டுவா, கண்ணைப் பார்க்கமாட்டா. ஒரு கொலைகாரியை நான் காப்பாத்தி வச்சிருக்கிறன் எண்ட நினைப்பு அவவுக்கு. காலம் போக மறந்திடுவா எண்டு நான் நினைச்சன். மறக்கேல்ல.

— அதப்பத்தி அப்புறம் பேசிக்கலாம். முதல்ல அவங்க வெளிய வரட்டும். இருங்க, போன் அடிக்குது... கிஷன்தான் மெசேஜ் போட்டிருக்கான்.

— என்னவாம்?

— ஆபீசர் வந்துட்டாராம். அம்மாவ உள்ள வச்சுக் கதவச் சாத்திட்டாங்க. இவன வெளிய உக்காரச் சொல்லியிருக்காங்க. உங்க பேரு, வீட்டு அட்ரஸ் கேட்டாங்களாம். இந்த குருபோங் வீட்டு அட்ரஸக் குடுத்துட்டானாம். அங்கிள், வந்துருவாங்க. ப்ளீஸ்.

— ஜாசினில இருந்து இஞ்ச வர எவ்வளவு நேரம்?

— முக்கா மணி நேரம். எங்க எந்திரிக்கிறீங்க?

— சட்டை மாத்த. அவையள் வரத் தேவையில்லை. நான் போறன். நீர் காரை எடும்.

— நீங்க எதுக்குப் போகணும்? வீட்டுல இருந்து பதில் சொன்னாப் போதாதா?

— போதாது.

— போய் என்ன சொல்லப் போறீங்க? அங்கிள், என்னப் பாருங்க. நான் கேட்டத சொல்லப் போறீங்களா இல்லையா?

— இல்லை.

— ஏன்? போன தடவ பொய் சொன்னீங்களே! எங்களுக்காகத்தானே சொன்னீங்க? இப்ப மட்டும் என்னா வந்துச்சு? வயசாயிருச்சுன்னு பயமா? உண்மையச் சொல்லிட்டு நிம்மதியாப் போயிரலாம்னு பாக்குறீங்களா? அம்மாவுக்குத் தூக்குக் கெடைக்கும் அங்கிள்!

— கிடைக்காது. ஏன் எண்டால் மீனம்மா கொல்லேல்ல.

— அடிச்சேன்னு அவங்களே சொல்றாங்க.

— அடிச்சவதான். ஒரே அடி. அதோட ஓடி வந்திட்டா. திரும்பிப் பார்க்கேல்ல. நான் மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளில போனன். பத்து நிமிஷம் இருக்கும். தண்ணிக்குள்ள ஆளைக் காணேல்ல.

— காணோமா? அப்ப...

— பாலத்துக்குக் கீழ கரையில இருந்தவன். ஏறி வந்து இருந்தவன், உம்மட அப்பா. கழுத்தால ரத்தம் ஓடுது, ஆனா வடிவாக் கதைக்கிறான். "வா டிரசரே, கட்டுப் போடு, நடக்கிற மாதிரி ஆக்கிவிடு" எண்டான்.

— உயிரோடயா? அங்கிள், அப்பா உயிரோட இருந்தாரா?

— இருந்தவன். நான் பெட்டியைத் திறந்து பஞ்சை எடுத்தன். துடைக்கேக்க அவன் சொல்லிக்கொண்டு இருக்கிறான். கோபமில்லை. சத்தமில்லை. வேலைக்குப் போறதைப் பற்றிச் சொல்லுறவன் மாதிரிச் சொல்லுறான். டிராக்டரில பெட்ரோல் கான் இருக்காம். வீட்டுக்குப் போய் வெளிக்கதவைப் பூட்டுவானாம். அவளும் பிள்ளையள் ரெண்டும் உள்ள இருக்கேக்க. நான் தையல் போட்டுவிட்ட ஒன்பது தரமும் அவன் என்ன செய்வன் எண்டு சொன்னவனோ அதைச் செய்தவன், பிள்ளை. அவன் சும்மா சொல்லுறவன் இல்லை.

— நீங்க... போலீசுக்குச் சொல்லியிருக்கலாமே. மண்டோருக்கு...

— சொல்லியிருக்கலாம். பன்னெண்டு வருஷமா ஒவ்வொரு நாளும் அதைத்தான் நான் எனக்குச் சொல்லுறன்.

— அப்புறம் என்னா ஆச்சு? அப்பா எப்படித் தண்ணியில... அங்கிள்?

— கண்ணுக்குள்ள சேறு கரிக்குது, முகத்தைக் கழுவிப்போட்டு வாறன் எண்டு குனிஞ்சவன். நான் அவனை எழும்ப விடேல்ல.